பெர்கனில் எட்டரை மணி நேரம்: மூன்று தலைமுறை, ஒரே நாள்

மார்ச் 2, வாசகர் கேள்வி
ஜூலையில் சவுத்தாம்ப்டனிலிருந்து நார்வே போகும் கப்பலில் குடும்பத்தோடு போகிறோம். பெர்கனில் ஒரு பகல் நிற்கும். வயதானவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு தனியாகச் சுற்றுவது வேலைக்கு ஆகாது, கப்பலில் விற்கும் பேருந்துச் சுற்றுலாவை வாங்கிவிடுவதே நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?

மார்ச் 2, இரவு
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நாங்களும் ஜூனில் அதே பாதையில்தான் போகிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், திருப்பத்தூரிலிருந்து வரும் அப்பா, அம்மா. அப்பாவுக்கு 74 வயது, முழங்கால் தேய்மானம், கைத்தடி. அம்மா சைவம். இதைவிடக் கடினமான கூட்டணி உங்களுக்கு இருக்காது என்று நினைக்கிறேன்.

பெர்கனில் பார்க்க வேண்டிய மையப் பகுதி சிறியது. கப்பல் ஸ்கோல்டன் துறையில் கட்டினால், பழைய மரவீடுகள் நிற்கும் ப்ரிக்கனுக்குப் பத்து நிமிட நடை. அங்கிருந்து மீன் சந்தை, மலை ரயில் நிலையம் எல்லாம் அடுத்தடுத்து. இந்த ஊரைப் பார்க்கப் பேருந்தில் ஏறுவது, மாட வீதியைச் சுற்ற டாக்சி பிடிப்பது போல.

கப்பல் சுற்றுலாவுக்கு உள்ள ஒரே பெரிய பலத்தையும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போனால் காத்திருக்காது.

மார்ச் 5
முதல் திட்டம் போட்டாயிற்று. காலையில் உல்ரிக்கன் மலை (643 மீட்டர், கேபிள் கார்), பிறகு மீன்காட்சியகம், பிறகு இசையமைப்பாளர் எட்வர்ட் க்ரீக் வாழ்ந்த வீடு, மாலையில் ப்ரிக்கன். எட்டரை மணி நேரத்தில் நான்கு இடம். தாளில் கச்சிதமாக வருகிறது.

மார்ச் 6
மேலே எழுதியதை யாரும் பின்பற்ற வேண்டாம். மனைவி பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்: "இதில் மாமா எங்கே உட்காருவார்?"

க்ரீக் வீட்டுக்கு டிராமில் இருபது நிமிடம் போய், இறங்கி இன்னும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். உல்ரிக்கன் ஊருக்கு வெளியே. பலத்த காற்று அடித்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். மீன்காட்சியகம் நோர்ட்னெஸ் முனையின் கடைசியில். மூன்றும் மூன்று திசை. அந்த நாளின் பாதியைப் போக்குவரத்தே தின்றுவிடும்.

மார்ச் 14
விசா பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிரிட்டனுக்கு வருகை விசா இருக்கிறதே, கப்பலில்தானே போகிறோம் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பான ஷெங்கனில் இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா இல்லாவிட்டால் கப்பலில் ஏறவே விடமாட்டார்கள். பிரிட்டனுக்குத் திரும்பி வருவதால் பிரிட்டன் விசாவும் ஒருமுறைக்கு மேல் நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். அப்பா அம்மாவுக்கு இரண்டையும் சரிபார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

மார்ச் 23
திட்டம் தலைகீழாக மாறிவிட்டது. காரணம் அப்பா.

நேற்று தொலைபேசியில் ஊர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தேன். பெர்கன் என்றதும் நிறுத்தினார். "அது ஹான்சன் ஊர் இல்லையாப்பா?" எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

அப்பா லெப்ரசி (தொழுநோய்) இன்ஸ்பெக்டராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். சைக்கிளில் ஊர் ஊராகப் போய், வீட்டுத் திண்ணையில் ஆட்களை உட்காரவைத்துத் தேமலைத் தேடுவார். கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகால் தேமல்மேல் தொட்டு, எங்கே தொட்டேன் காட்டு என்பார். காட்டத் தெரியாவிட்டால், அங்கே உணர்ச்சி இல்லை என்று நோயாளி அட்டை போட வேண்டும். அந்த நோய்க்குக் காரணமான கிருமியை 1873-ல் முதன்முதலாகக் கண்டவர் கெர்ஹார்ட் ஆர்மவெர் ஹான்சன், அதுவும் பெர்கனில். நோயையே ஹான்சன் நோய் என்றும் சொல்கிறோம். பயிற்சி வகுப்பின் முதல் நாளில் படித்த பெயரை அப்பா மறக்கவே இல்லை.

பார்த்தால், அங்கே புனித யோர்கன் என்ற பழைய தொழுநோய் மருத்துவமனை அருங்காட்சியகமாகவே இருக்கிறது. நான் மூன்று வாரம் திட்டம் போட்டிருக்கிறேன். அப்பாவுக்கு என்ன பார்க்க ஆசை என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

மார்ச் 24
நேற்று எழுதியதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் இன்று எல்லோரிடமும் கேட்டேன்: ஒரே ஒன்றுதான் பார்க்கலாம் என்றால் எது? மகள்: மலை ரயில். மகன்: ஆடு (அந்த ரயில் ஏறும் ஃப்ளோயன் மலை உச்சியில் ஆடுகள் திரியும் படம் பார்த்திருக்கிறான்). அம்மா: "மழையில நனையாம உட்கார ஒரு இடம் இருந்தா போதும்." மனைவி: ப்ரிக்கன் சந்துகள். அப்பா: மருத்துவமனை.

கேட்டவருக்குச் சொல்கிறேன், நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். எங்கள் வீட்டு ஐந்து ஆசையும் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் விழுந்தன. மலை ரயிலின் அடி நிலையத்துக்குப் பக்கத்திலேயே தொடங்கும் தெருவில்தான் அந்த மருத்துவமனையும் இருக்கிறது.

ஏப்ரல் 10
எந்தத் துறை என்று பாருங்கள். பெர்கனில் பயணக் கப்பல்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஸ்கோல்டன் பக்கம் என்றால் இறங்கி நடக்கலாம். யெக்டேவிக்கன் பக்கம் என்றால் சரக்குத் துறைக்குள் நடக்க விடமாட்டார்கள்; துறைமுகத்தின் பேருந்தில் ஊருக்குள் வர வேண்டும், திரும்பும்போதும் அதற்கு வரிசை நிற்க வேண்டும். எந்த நாளில் எந்தக் கப்பல், எந்தத் துறை, எத்தனை மணிக்கு என்ற பட்டியலைத் துறைமுகமே வெளியிடுகிறது. அதே பட்டியலில் உங்கள் நாளில் இன்னும் எத்தனை கப்பல் வருகின்றன என்றும் பாருங்கள். எங்கள் நாளில் மூன்று. மலை ரயில் வரிசையின் நீளத்தை அதுதான் தீர்மானிக்கும்.

ஏப்ரல் 11
ஞாயிற்றுக்கிழமையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நார்வேயில் ஞாயிறு அன்று பெரும்பாலான கடைகள் அடைப்பு. எங்களுக்குப் புதன், தப்பித்தோம்.

மே 18
மழை. பெர்கனில் வருடத்தில் 200 நாளுக்கு மேல் மழை. 2006 அக்டோபர் கடைசியில் தொடங்கி 2007 ஜனவரி வரை ஒரு நாள்கூட விடாமல் 85 நாள் பெய்திருக்கிறது. மேற்கிலிருந்து வரும் கடற்காற்று ஊரைச் சுற்றி நிற்கும் மலைகளில் முட்டி மேலேறி, அங்கேயே கொட்டிவிடுகிறது. ஜூன் வறண்ட பக்கம்தான், ஆனாலும் நம்ப முடியாது.

ஆறு பேருக்கும் ரெயின்கோட் வாங்கினேன். குடை வேண்டாம், காற்று திருப்பிவிடும். அம்மாவின் புடவைக்கு மேல் போட நீளமான கோட் தேடி நாலு கடை ஏறி இறங்கினேன். கால்களுக்கு ஷூ. பழைய தெருக்கள் எல்லாம் கருங்கல் பாவியவை, செருப்பு வழுக்கும்.

ஜூன் 19
போய் வந்தாயிற்று. விவரமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

காலை எட்டு மணிக்கு ஸ்கோல்டனில் கட்டினார்கள். நாலரைக்குள் எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும், ஐந்துக்குப் புறப்பாடு. நாங்கள் எட்டே முக்காலுக்குக் கீழே இறங்கினோம். பத்து நிமிட நடை என்று மார்ச்சில் எழுதினேனே, அது என் நடை. அப்பாவோடு இருபத்தைந்து நிமிடம். வழியிலேயே பெர்கன்ஹூஸ் கோட்டை வருகிறது. சுவர் ஓரத்து பெஞ்சில் ஒருமுறை உட்கார்ந்தார்.

மலை ரயிலுக்கு முந்தின நாளே இணையத்தில் சீட்டு எடுத்திருந்தேன். ஒன்பதரைக்கு நாங்கள் போகும்போது சீட்டு வாங்கும் வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. சீட்டு கையில் இருந்தவர்கள் நேராக உள்ளே. பெட்டி படிப்படியாகக் கட்டப்பட்டது, கூரையும் கண்ணாடி. இரண்டு பெட்டிகள் ஒரே கம்பியில். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும், நடுவழியில் ஒன்றையொன்று தாண்டும். "நம்ம பழனி விஞ்ச் மாதிரிதான்" என்றார் அம்மா. ஆனால் இது 1918-லிருந்து ஓடுகிறது, நடுவில் இரண்டு மூன்று நிறுத்தங்களில் மலைச்சரிவில் குடியிருப்பவர்கள் ஏறி இறங்குகிறார்கள். ஒரு பாட்டி காய்கறிப் பையோடு இறங்கி வீட்டுக்குப் போனார். மகள் அதைத்தான் வாய் பிளந்து பார்த்தாள்: வீட்டுக்குப் போக ரயிலில் மலை ஏறுகிறார்கள்!

உச்சி 320 மீட்டர். மொத்த ஊரும் காலடியில். கடல் விரல்களாக உள்ளே வந்திருக்கும். எங்கள் கப்பல் பெரியதாகத்தான் தெரிந்தது, அது எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்தச் சின்ன ஊருக்கு முன்னால் அவ்வளவு பெரிய வெள்ளைச் சுவர்.

ஆடுகள் இருந்தன. கழுத்தில் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார்கள். வேலி கிடையாது, அந்தப் பெட்டியே எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறது. மகன் ஒரு ஆட்டின் அருகில் பத்து நிமிடம் அசையாமல் நின்றான். மழை தூறத் தொடங்கியது. அம்மாவுக்குக் கேட்ட இடம் கிடைத்தது, உச்சியிலுள்ள உணவகத்தின் ஜன்னல் ஓரம், சூடான சாக்லேட்டோடு.

பத்தே முக்காலுக்கு இறங்கி, ஆஸ்கர் மன்னர் தெருவில் நடந்தோம். வழியில் பேராலயம். அதன் கோபுரச் சுவரில் ஒரு பீரங்கிக் குண்டு பதிந்தே இருக்கிறது, 1665-ல் இந்தத் துறைமுகத்துக்குள் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் சண்டை போட்டபோது வந்து விழுந்தது. குழந்தைகளைத் தேடச் சொன்னால் அந்த நடை அலுக்காது.

ஜூன் 19, தொடர்ச்சி
மருத்துவமனை பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று நிறுத்தினேன்.

வெள்ளை பூசிய மரக்கட்டடம், பக்கத்தில் மரத்தாலான சிறு தேவாலயம், முற்றத்தில் கற்கள். 1400-களின் தொடக்கத்திலிருந்தே அந்த இடத்தில் தொழுநோயாளிகள் இருந்திருக்கிறார்கள்; இப்போது நிற்பது 1702 தீ விபத்துக்குப் பிறகு கட்டியது. உள்ளே போனால் நீளமான ஒரு கூடம், அதன் இரு பக்கமும், மேல் மாடியிலும், வரிசையாகச் சிறு கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் ஒரு குட்டி அறை. ஒன்றில் இரண்டு பேராவது இருந்திருக்கிறார்கள். 1840-களில் 150 பேருக்கு மேல் இங்கே நெருக்கியடித்து வாழ்ந்திருக்கிறார்கள். 1816-ல் இங்கே போதகராக இருந்த வெல்ஹாவன், உயிரோடு இருப்பவர்களின் இடுகாடு என்று இதை எழுதினார்.

மாடிப்படி செங்குத்து. அப்பா ஏறவில்லை. கீழே ஒரு அறை வாசலில் நின்று, கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கதவின் அகலத்தைச் சாண் போட்டு அளந்தார். பிறகு எனக்கும் மகளுக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். ஹான்சனின் மாமனார் டேனியல்சன் இந்த நோயில் பெரிய நிபுணர். இது பரம்பரையாக வருவது என்று நம்பியவர். மருமகன் நுண்ணோக்கியில் குச்சி போன்ற கிருமியைப் பார்த்து, இல்லை, தொற்று என்றார். ஆனால் அதை நிரூபிக்கும் அவசரத்தில், ஒரு பெண் நோயாளியின் கண்ணில் அவள் சம்மதம் கேட்காமலே நோய்த்திசுவைக் குத்திப் பார்த்தார். அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. வழக்கு நடந்து, 1880-ல் ஹான்சனின் மருத்துவமனைப் பதவி போனது.

இது அப்பாவுக்குத் தெரியாது. அங்கே நான் படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "கேட்டுட்டுத்தான்பா தொடணும்" என்றார். "நான் இறகை எடுக்கும்போதே கேட்பேன்."

கடைசி இரண்டு நோயாளிகள் 1946-ல் இறந்தார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் இங்கேயே இருந்தவர்கள். மகள், "மாத்திரை கொடுக்கலையா தாத்தா?" என்று கேட்டாள். அப்போது மாத்திரை இல்லை என்றார். தன் காலத்தில் முதலில் டாப்சோன், பிறகு 1980-களில் கூட்டு மருந்து அட்டைகள் வந்த கதையைச் சொன்னார். அதில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தைச் சாப்பிட்டால் சிறுநீர் சிவக்கும். ரத்தம் என்று பயந்து மருந்தைக் கிணற்றில் போட்டவர்கள் உண்டு. அதனால் முதல் மாத்திரையைத் தன் கண்முன் விழுங்கவைத்து, மறுநாள் காலையில் சைக்கிளில் திரும்பவும் போய் நிற்பாராம். எனக்கு நாற்பத்தொரு வயதாகிறது, இந்தக் கதையை இப்போதுதான் கேட்கிறேன்.

முக்கால் மணி நேரம் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தோம்.

ஜூன் 20
மதியச் சாப்பாடு பற்றிக் கேட்டவருக்கு. கப்பலிலிருந்து உணவு கொண்டுபோக வேண்டாம் என்று அறிவித்திருந்தார்கள். மீன் சந்தையில் மீன் சூப் நன்றாக இருந்தது, விலை கையைக் கடித்தது. அம்மாவுக்கு சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டி, தயிர், வாழைப்பழம். அதோடு பெர்கனின் சொந்தப் பண்டமான ஷில்லிங்ஸ்பொல்லே, லவங்கப்பட்டையும் சர்க்கரையும் சுருட்டிய பெரிய பன். ஒரு காலத்தில் ஒரு ஷில்லிங் காசுக்கு விற்றதால் அந்தப் பெயர். அம்மா இரண்டாவது கேட்டு வாங்கினார்.

யூரோ செல்லாது, நார்வே பணமான க்ரோனேதான். ஆனால் நாள் முழுக்க நாங்கள் நோட்டையே தொடவில்லை. கழிப்பறைக் கதவுகூடக் கார்டைத் தட்டினால் திறக்கிறது.

ஜூன் 22
ப்ரிக்கனுக்கு நான் ஒதுக்கிய ஒன்றரை மணி நேரம் ஐம்பது நிமிடமாகிவிட்டது. மனைவியின் ஆசை அது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு உறுத்துகிறது. முன்னால் வரிசையாக நிற்கும் வண்ண வீடுகளைப் படம் எடுத்துவிட்டுப் போவதில் ஒன்றுமில்லை. நடுவே நுழைய வேண்டும். பலகை போட்ட சந்து, இரு பக்கமும் சாய்ந்த மரச்சுவர்கள், மேலே மூட்டை தூக்கிய கப்பிகள், ஈரத்தில் எழும் தார் வாசனை. சுமார் 1360-லிருந்து ஹான்சா என்ற வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்கள் இங்கே தானியத்தைக் கொடுத்து, வடக்கிலிருந்து வந்த கருவாட்டை வாங்கிக்கொண்டார்கள். உப்பில்லாமல் குளிர்காற்றிலேயே காய்ந்த காட் மீன். தீக்குப் பயந்து இந்த வீடுகளில் அடுப்பும் விளக்கும் வைக்க விட்டதில்லை. சமைக்கவும் குளிர்காயவும் பின்னால் தனிக் கட்டடம். ஆனாலும் 1702-ல் எரிந்தது, 1955-ல் ஒரு பகுதி மறுபடி எரிந்தது. 1979-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

1955 தீக்குப் பிறகு தோண்டியபோது நூற்றுக்கணக்கான மரக்குச்சிகள் கிடைத்தன, ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தில் கீறியவை. சரக்குச் சீட்டு, காதல், பிரார்த்தனை எல்லாம். ஒரு குச்சியில், "க்யூதா உன்னை வீட்டுக்கு வரச் சொல்கிறாள்." மதுக்கடையில் உட்கார்ந்திருந்த யாருக்கோ போன ஓலை என்கிறார்கள். மகளுக்கு அது கீதா என்றே காதில் விழுந்தது. அன்று மூன்றரை மணிக்கு மேல் நான் ஒவ்வொருவரையும் கிளப்பும்போதெல்லாம், "கீதா வரச் சொல்றா" என்று எனக்கு முன்னால் அவள் ஓடினாள்.

ஜூன் 23
ஒரு திருத்தம். திரும்பும் நேரத்தைக் கப்பல் நேரத்தில் பாருங்கள் என்று யாரோ கீழே எழுதியிருக்கிறார், மிகச் சரி. நார்வே பிரிட்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால். கப்பலில் கடிகாரத்தை மாற்றியிருந்தார்களா என்பதை முந்தின இரவு கப்பலில் தரும் நிகழ்ச்சித் தாளில் பார்த்துவிடுங்கள். கைப்பேசி கரையின் சிக்னல் கிடைத்ததும் தானாக மாறும், கைக்கடிகாரம் மாறாது. எங்கள் வீட்டில் அப்பாவின் கடிகாரம் இன்னும் இந்திய நேரத்தில் இருந்தது.

அதே தாளில் துறைமுக முகவரின் எண் இருக்கும். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடவுச்சீட்டின் நகலோடு. நாங்கள் 3.55-க்குத் துறைக்கு வந்துவிட்டோம், தேவைப்படவில்லை.

ஜூன் 30
கேட்டவர் மறுபடி கேட்டிருக்கிறார்: உங்கள் அப்பாவுக்கு ஹான்சன், எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை, அப்போது பேருந்து எடுக்கலாமா? யோசித்தேன். என் முதல் பதிவில் கொஞ்சம் அதிகமாகவே அடித்துப் பேசிவிட்டேன். நடக்கவே முடியாதவர் இருந்தால், பேருந்துதான் அவருக்கு ஊரைக் காட்டும். ஆனால் மலை ரயிலில் சக்கர நாற்காலி ஏறுகிறது, உச்சியில் பாதை சமதளம். காலையில் அது ஒன்று, பிறகு ப்ரிக்கன், நடுவே இரண்டு மணி நேரம் சும்மா. அந்தச் சும்மாவைத் திட்டத்திலேயே எழுதி வையுங்கள். அப்புறம், உங்கள் அம்மா அப்பாவிடம் ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மருத்துவமனை அருங்காட்சியகம் கோடையில் மட்டும் திறந்திருக்கும். நாங்கள் போனபோது காலை 11 மணிக்குத்தான் கதவு திறந்தது. அதனால்தான் மலை முதலில்.

ஜூலை 6
அப்பா ஊருக்குத் திரும்பிவிட்டார். வாணியம்பாடியில் அவரோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். நேற்று அவர் வீட்டுக்குப் போய்க் கைப்பேசியில் படங்களைக் காட்டியிருக்கிறார். கூடம், கதவுகள், தேவாலயம், எல்லாவற்றையும் அவர் பேசாமல் பார்த்தாராம். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாராம், அந்த அறைகளில் ஜன்னல் இருந்ததா என்று.

இருந்தது என்று அப்பா சொல்லியிருக்கிறார்.